கொழும்புக் குளிருக்கு வீட்டைக் காயவைப்பது

கொழும்பில் குளிருகிறது என்று சொன்னால் நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். தை மாதத்தில் அவர்களுடைய புல்லில் உறைபனி படியும். எங்களுக்கோ விடியப்புறத்தில்கூட வெப்பமானி 21, 22 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. ஆனாலும் ஐப்பசி மழை பிடித்து நான்காம் நாள் வந்துவிட்டால், வெள்ளவத்தைத் தொடர்மாடியானாலும் கொட்டாஞ்சேனைப் பழைய வீடானாலும், ஆட்கள் கதிரையில் காலை மடக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். படுக்கை விரிப்பைத் தொட்டால் சில்லென்கிறது. காலையில் பாவித்த துவாய் இரவாகியும் காயவில்லை. அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண மணம்.

வெப்பநிலை இறங்கியதால் வந்த குளிரல்ல இது. வீட்டிலுள்ள எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் ஈரமாக இருப்பதால் வருவது. ஈரலித்த துணி உடம்புச் சூட்டைக் காய்ந்த துணியைவிட வேகமாக இழுத்துவிடும். 25 பாகையில் ஈரலித்த மெத்தையில் படுத்தவர் போர்வை தேடுவதும், 22 பாகையில் நன்றாகக் காய்ந்த மெத்தையில் படுத்தவர் ஒரு மெல்லிய விரிப்போடு தூங்கிவிடுவதும் இதனால்தான். ஆகவே ஹீற்றர் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அது காற்றைச் சூடாக்கும், ஆனால் தண்ணீரை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகாது. அணைத்த அரை மணித்தியாலத்தில் பழைய நிலைதான், மின்சாரப் பட்டியல் மட்டும் கூடியிருக்கும். கொழும்பு வீட்டில் கதகதப்பு வேண்டுமென்றால் அதற்கு வழி வீட்டைக் காயவைப்பது. மற்ற அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். இங்கே குளிர் இரண்டு வகை. ஒக்டோபர், நவம்பரில் வருவது மழைக் குளிர். பின்னேரத்தில் இடியோடு கொட்டும், இரவு முழுக்கச் சுவர் வியர்க்கும். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை வருவது காற்றுக் குளிர். வடகீழ்ப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கைக் கிழக்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் இறங்கும். அதனால் ஜனவரி, பெப்ரவரியில்தான் கொழும்பில் மழை ஆகக் குறைவு. கோவிலில் திருவெம்பாவை பாடுகிற நேரத்துக்குக் கை கால் விறைக்கும், பத்து மணிக்கு வெயில் சுடும். முதல் வகைக்குச் செய்கிறதை இரண்டாவது வகைக்குச் செய்தால் பலன் தலைகீழாகிவிடும்.

முதல் செலவு ஒரு சின்ன டிஜிட்டல் ஈரலிப்பு மீற்றர். வெப்பநிலையும் ஈரலிப்பு வீதமும் ஒரே முகத்தில் காட்டுகிறவை புறக்கோட்டையிலும் கிடைக்கும், ஒன்லைனிலும் கிடைக்கும். மலிவானவை பத்து வீதம் வரை தவறாகக் காட்டலாம், அதனால் வாங்கியவுடன் சோதித்துவிடுங்கள். ஒரு சோடாப் போத்தல் மூடியில் கறியுப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைக்க வேண்டும். உப்புக் கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அந்த மூடியையும் மீற்றரையும் காற்றுப் புகாத ஒரு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கி, எட்டு மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். பைக்குள் ஈரலிப்பு 75 வீதத்தில் நிற்கும். மீற்றர் 69 காட்டினால் உங்கள் மீற்றர் 6 குறைத்துச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொண்டு வாசியுங்கள். அறையில் வைக்கும்போது யன்னலுக்கும் குசினிக்கும் தூரமாக, கட்டில் உயரத்தில் வையுங்கள். 60க்குக் கீழே என்றால் நல்ல வீடு. 70 வரை சமாளிக்கலாம். 80க்கு மேலே தொடர்ந்து சில நாட்கள் நின்றால் தோல் செருப்பிலும் அலுமாரி முதுகிலும் பூஞ்சணம் வரும், தப்பாது.

அடுத்தது, வெளித் தண்ணீர் உள்ளே வருகிற வழிகள். தொடர்மாடிகளில் பெரும்பாலான குற்றம் அலுமினிய ஸ்லைடிங் யன்னலில். மழை அடிக்கும்போது கீழ்த்தண்டவாளத்தில் தண்ணீர் நிரம்பி உள்ளே வழிகிறது, வீட்டுக்காரர் சிலிக்கன் குழலோடு ஓடிப்போய்க் கண்ட கண்ட இடமெல்லாம் அடைக்கிறார். அந்தத் தண்டவாளத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு முனைக்கும் கிட்ட, அரிசியளவோ புளியங்கொட்டையளவோ நீள்சதுரத் துளைகள் இருக்கும். உள்ளே விழும் தண்ணீர் வெளியே போவதற்கென்றே யன்னல் செய்தவர் வெட்டியவை அவை. காலி வீதித் தூசியும் கடல் உப்பும் சேர்ந்து ஒரு வருடத்தில் அவற்றை அடைத்துவிடும். பழைய பல் பிரஷால் தண்டவாளத்தை உரசி, மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் முழுதும் வெளியே போய்விட்டால் யன்னல் சரி. சிலிக்கன்காரர் செய்கிற பெரிய பிழை இந்தத் துளைகளையும் சேர்த்து அடைப்பதுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அறைக்குள் குளம்.

சிலிக்கன் உண்மையில் தேவைப்படும் இடம் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பு. அதைச் செப்ரெம்பரில், இரண்டு மூன்று வெயில் நாள் பார்த்துச் செய்ய வேண்டும். ஈரச் சுவரில் சிலிக்கன் பிடிக்காது, ஒரு மாதத்தில் நாடாபோல உரிந்து வரும். பழைய சிலிக்கனுக்கு மேலே புதியதைப் பூசினாலும் அதே கதிதான். பழையதைப் பிளேட்டால் சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பூசியபின் 24 மணித்தியாலம் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வீட்டுக்காரருக்குப் பீலி. ஐப்பசிக்கு முன் இலைச்சருகை அள்ளி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். தேங்குகிற பீலி சுவரை நனைப்பதோடு நிற்காது, டெங்கு நுளம்பையும் வளர்க்கும். அதற்குத் தண்டம் வேறு.

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் இருக்கிற பழைய வீடுகள் தனி ரகம். கபுக் கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள் அவை. அந்தச் சுவர் மழையில் தண்ணீரைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதற்கு மேலே சீமெந்துப் பூச்சும் எமல்ஷன் பெயின்றும் அடித்தால் குடித்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரம் வரை பெயின்ற் கொப்புளம் போட்டு, உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்வது இதனால்தான். வருடாவருடம் தீபாவளிக்கு முன் அதே இடத்தில் புதுப் பெயின்ற் அடிப்பது காசைச் சுவரில் பூசுவதற்குச் சமம்.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு அடிக்கு ஒரு அடி தெளிவான பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இடைவெளியில்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் சுவர்ப் பக்கம் நீர்முத்து பிடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளே இருக்கிறது. அதற்குப் பெயின்றைச் சுரண்டிச் சுவரை மூச்சுவிடச் செய்ய வேண்டும். அறைப் பக்கம் நனைந்திருந்தால் சுவரில் குற்றமில்லை, குற்றம் அறைக் காற்றில். டேப் ஒட்டவே மாட்டேன் என்று விழுந்தால் அதுவே விடைதான்.

மூச்சுவிடுகிற பூச்சு என்றால் எங்கள் பாட்டன்மார் அடித்த அதே வெள்ளைச் சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பை ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு மெல்லியதாக மூன்று தரம் அடிக்க வேண்டும். ஒரே தரத்தில் தடிப்பாக அடித்தால் செதிளாக வெடிக்கும். எமல்ஷனுக்கு மேலே பிடிக்கவே பிடிக்காது, கீழே உள்ள பெயின்ற் முழுக்கப் போக வேண்டும். கண்ணில் தெறித்தால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பின் காரத் தன்மையில் பூஞ்சணம் வளர இடமில்லை, அது இலவச லாபம். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் நனைந்தது போன்ற சுவர்கள் என்றால் பொறுமை வேண்டும். சுவர்த் தடிப்பின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர் கணக்கு. அதற்கு முன்பே பெயின்ற் அடித்தவர்கள் இரண்டாந் தரமும் அடிக்க வேண்டிவரும்.

வெளித் தண்ணீர் நின்றாயிற்று. இனி வீட்டுக்குள்ளேயே நாங்கள் உண்டாக்குகிற தண்ணீர். இதன் அளவு பலருக்குத் தெரியாது. ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடிவதற்குள் அடுப்புச் சுவாலையிலிருந்து மட்டும் 19, 20 லீற்றர் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கிறது. சோற்றுப் பானையும் புட்டுக் குழலும் விடுகிற ஆவி அதற்கு மேலே. ஆகவே மழை நாளிலும் குசினி யன்னல் ஒரு சாண் திறந்தே இருக்க வேண்டும், எக்ஸோஸ்ட் ஃபேன் அடுப்புப் பற்றவைக்கும்போது தொடங்கி, அணைத்தபின் இன்னும் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் கதவு இருந்தால் சாத்துங்கள். புதுத் தொடர்மாடிகளில் கதவே இல்லாத திறந்த குசினி. பார்க்க அழகுதான், மாரியில் அதன் பலன் சோபாவில் தெரியும். குளியலறைக்கும் இதே விதி: குளித்து முடிந்ததும் கதவைத் திறந்து ஆவியை அறைக்குள் விடாமல், கதவைச் சாத்தி ஃபேனை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய குற்றவாளி காயப்போட்ட உடுப்பு. ஐந்து கிலோ உடுப்பை மெஷின் நன்றாகச் சுழற்றிப் பிழிந்த பிறகும் அதில் இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர் மிச்சம் இருக்கும். கையால் பிழிந்தால் அதைவிட எவ்வளவோ கூட. அது காய்கிறது என்றால் அவ்வளவும் உங்கள் படுக்கையறைக் காற்றில் ஏறுகிறது என்று அர்த்தம். வெள்ளைச் சீருடை போடும் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் ஒழுங்குபடுத்தலாம்.

மெஷின் முடிந்தபின் சுழற்சியை மட்டும் இன்னொரு தரம் ஓடவிடுங்கள். அதற்குப் போகும் மின்சாரம் சொற்பம், காயும் நேரமோ நன்றாகக் குறையும். காயப்போட ஒரே ஒரு அறையை ஒதுக்குங்கள். படுக்கையறை வேண்டாம். எக்ஸோஸ்ட் ஃபேன் உள்ள அறையோ, பல்கனிப் பக்க யன்னல் உள்ள அறையோ நல்லது. உள்க்கதவைச் சாத்தி, வெளி யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். தாங்கியில் உடுப்புக்கு உடுப்பு மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். துவாயை இரண்டாக மடித்துப் போடாமல், கம்பி விட்டு ஒரு கம்பியில் கூடாரம்போல விரித்துப் போடுங்கள். காற்சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்பைத் திறந்து தொங்கவிடுங்கள், பொக்கற் துணிதான் கடைசியாகக் காயும். சீலிங் ஃபேன் மேலிருந்து அடிப்பதைவிட மேசை ஃபேன் தரையில் வைத்துக் கீழிருந்து மேலாக அடித்தால் வேகம் கூட. தண்ணீர் இறங்கித் தங்குவது உடுப்பின் கீழ் விளிம்பில்தானே.

காய்ந்த உடுப்பில் புளித்த நாற்றம் வந்தால் அது சவர்க்காரம் போதாததால் அல்ல. ஈரமாகக் கிடந்த நேரம் அதிகம், கிருமி பெருகிவிட்டது. அந்தத் துணியை மறுபடி சாதாரணமாகத் தோய்த்தால் நாற்றம் போனதுபோல் இருக்கும், உடம்பில் போட்டு வியர்த்தவுடன் திரும்பி வரும். துணி தாங்குமென்றால் 60 பாகைத் தண்ணீரில் தோய்க்க வேண்டும், இல்லையென்றால் கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட வேண்டும். மணமூட்டித் திரவம் நாற்றத்துக்கு மேலே போர்த்துகிற போர்வைதான். துவாயில் அது படிந்தால் தண்ணீர் உறிஞ்சும் தன்மையும் குறைந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் மீற்றர் 80க்குக் கீழே வரவில்லையென்றால் ஈரலிப்பு நீக்கும் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். இதில் ஏமாறுவது சுலபம். மேசையில் வைக்கிற அளவில், கொம்பிரசர் இல்லாமல் விற்கிற சின்னவை ஒரு நாளுக்கு அரை லீற்றர் எடுத்தாலே பெரிய விஷயம். அலுமாரிக்குச் சரி, அறைக்குச் சரிவராது. கொம்பிரசர் உள்ளது, நாளுக்கு 10 முதல் 12 லீற்றர் என்று எழுதியது, 200 முதல் 250 வாற் இழுக்கும். ஐந்து மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிற், ஒன்றேகால் யூனிற். பெட்டியில் எழுதும் லீற்றர் அளவைப் பொதுவாக 30 பாகை, 80 வீத ஈரலிப்பில் சோதித்துப் போடுவார்கள். குளிர்நாட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு பொய்க்கும், கொழும்பில் பெரிதாகப் பொய்க்காது. அது ஓடும்போது அறையும் ஒன்றிரண்டு பாகை சூடேறும், மழைக் குளிரில் அதுவே இதமாக இருக்கும். கதவு யன்னல் சாத்தித்தான் ஓடவிட வேண்டும், திறந்து வைத்தால் கொழும்பு முழுவதையும் காயவைக்கப் பார்க்கும். வாளியில் சேர்ந்த தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள்.

ஏசி உள்ளவர்கள் டிரை மோடில் 26இல் வைத்து ஒரு மணித்தியாலம் ஓடவிட்டாலே படுக்கையறை மாறிவிடும். 20க்கு இறக்குவதில்தான் வில்லங்கம். கொழும்பு மழைக் காற்றிலுள்ள ஈரம் 23, 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைக் கண்டாலும் நீராகப் படியும். ஏசி அறையின் சுவர் அதைவிடக் குளிர்ந்துவிட்டால் மறுபக்கம், அதாவது ஹோல் பக்கம், வியர்க்கும். அந்தச் சுவரோடு ஒட்டி அலுமாரி இருந்தால் அதன் முதுகில் கறுப்புப் புள்ளிகள் வரும். பூஞ்சணம் ஹோலில், காரணம் படுக்கையறையில். பலர் குழாய் கசிகிறது என்று நினைத்துச் சுவரை உடைத்திருக்கிறார்கள்.

அலுமாரிகளைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். உள்ளே கல்சியம் குளோரைட்டுப் பெட்டிகள் வேலை செய்யும், கீழ்த்தட்டில் தண்ணீர் சேருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிரம்பியதும் மாற்ற வேண்டும், கவிழ்ந்தால் தோல் பொருட்களைக் கெடுத்துவிடும். சிரட்டைக் கரி மணத்தை எடுக்கும், ஈரத்தைப் பெரிதாக எடுக்காது. பூச்சி உருண்டை குழந்தைகளின் உடுப்புக்குள் வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அதிலிருந்து இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.

ஏற்கெனவே வந்த பூஞ்சணத்தைக் காய்ந்த துணியால் தட்டினால் அது அறை முழுக்கப் பரவும். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து எடுங்கள். டைலிலும் கண்ணாடியிலும் என்றால் ஒரு கோப்பை வெளுப்பான் திரவத்துக்கு 4 லீற்றர் தண்ணீர் கலந்து பூசிக் கழுவலாம். மரத்திலும் சாந்திலும் வெளுப்பான் நிறத்தை மட்டும் போக்கும், வேர் உள்ளே இருக்கும். அவற்றுக்கு வினாகிரி பூசி, ஒரு மணித்தியாலம் விட்டுத் துடைத்துக் காயவைப்பது மேல். வெளுப்பானையும் வினாகிரியையும், வெளுப்பானையும் கழிவறை அசிட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்றுதான் செய்ய வேண்டும்.

சாம்பிராணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மம்மாமார் கோபிப்பார்கள். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் சிரட்டைத் தணலில் போட்ட சாம்பிராணி மணத்தில் வீடு வீடாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஈரத்தை எடுப்பதில்லை. தணலை யன்னல் சாத்திய அறையில் வைத்துவிட்டுப் படுப்பது உயிராபத்து. கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். யன்னல் திறந்து, அறை அறையாகக் காட்டி, தணலை முற்றத்திலோ பல்கனியிலோ கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.

வீடு காய்ந்த பிறகு செய்கிற காரியங்கள் சுலபமானவை, பலனும் உடனே தெரியும். தரையிலிருந்து தொடங்கலாம். டைல் தரை காலின் சூட்டை இழுக்கும், அறை 27 பாகை என்றாலும் பாதம் குளிரும். கட்டிலிலிருந்து கால் வைக்கிற இடம், சோபாவுக்கு முன், குசினியில் நின்று வேலை செய்கிற இடம், இந்த மூன்றில் விரிப்பு இருந்தால் போதும். பன்பாய் நல்லது, தடித்த பருத்தி விரிப்பும் நல்லது. கீழே றப்பர் ஒட்டிய கால்மிதி வழுக்காது, ஆனால் மாரியில் டைலுக்கும் றப்பருக்கும் இடையில் தண்ணீர் பிடித்துக் கறுக்கும். வாரம் ஒருமுறை நிமிர்த்தி வைத்தால் தப்பும். யன்னல் சீலை தரையில் புரளக் கூடாது, இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். தடித்த வெல்வெற் சீலை கடைப் படத்தில் அழகு, கடற்கரைப் பக்கத்து வீட்டில் அது ஈரம் சேமிக்கும் கடற்பஞ்சு. மருதமுனைக் கைத்தறிபோலப் பருத்தித் துணியை இரண்டு அடுக்காகப் போட்டால் காற்றும் தடைப்படும், தோய்த்தால் ஒரு நாளில் காயும்.

படுக்கையிலும் இதே அடுக்குக் கணக்குத்தான். ஒரு தடித்த கம்பளியைவிட இரண்டு மெல்லிய பருத்தி விரிப்புகள் நடுவில் காற்றைப் பிடித்து வைத்துச் சூடு தரும், விடியப்புறம் ஒன்றை உதறிவிடவும் முடியும். தும்பு மெத்தையோ ஸ்பஞ்ச் மெத்தையோ, பலகைக்கு மேலே நேராகப் போட்டால் அடிப்பக்கம் வியர்வையில் கறுக்கும். பலகை இடைவெளியோடு இருக்க வேண்டும், அல்லது வாரம் ஒரு நாள் மெத்தையைச் சுவரில் சாய்த்து இரண்டு பக்கமும் ஃபேன் காட்ட வேண்டும்.

வெளிச்சத்தில் கொழும்பு வீடுகள் செய்கிற பிழை ஒன்றே: எல்லா அறையிலும் 6500 கெல்வின் நீலவெள்ளை பல்ப். மழை இருட்டில் அந்த வெளிச்சம் ஆஸ்பத்திரி வார்டுபோலக் குளிரும். ஹோலுக்கும் படுக்கையறைக்கும் 2700 அல்லது 3000 என்று எழுதிய மஞ்சள் பல்ப் வாங்குங்கள். பின் (pin) மூடியா திருகு மூடியா என்று பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள். உச்சியில் ஒரே ஒரு 15 வாற் எரிவதைவிட, மூலையில், கண் மட்டத்துக்குக் கீழே, 5 வாற் பல்ப் இரண்டு எரிந்தால் அறை இதமாகும். குசினியும் பிள்ளை படிக்கிற மேசையும் விதிவிலக்கு, அங்கே 4000 இருக்கட்டும். ஒரே அறையில் மஞ்சளும் நீலவெள்ளையும் கலந்தால் இரண்டுமே கெட்டதாகத் தெரியும்.

குடிக்க என்ன என்று கேட்டால், தேத்தண்ணி இருக்கவே இருக்கிறது. மழை இரவுக்குக் கொத்தமல்லி. இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து, ஒன்றிரண்டாக உடைத்து, ஒரு அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு, நாலு கோப்பைத் தண்ணீரில் மெல்லிய நெருப்பில் மூடி வைத்துக் கால் மணித்தியாலம் கொதிக்க விடுங்கள். நிறம் மாறும்வரை வறுத்தால் கசக்கும். கடைத் தூளைப் போட்டால் கலங்கித் தொண்டையில் கரகரக்கும். சீனி கரைக்க வேண்டாம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதுதான் முறை. மூடி வைத்துக் கொதிக்க விடுவதால் ஆவியும் குறைவு.

வீட்டில் வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் குளிப்பை மத்தியானத்துக்கு மாற்றுங்கள். வெந்நீர் மெஷின் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தரம் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும், உடனே விழாவிட்டால் மின்வேலைக்காரரைக் கூப்பிடும்வரை மெஷினைப் போடாதீர்கள். இடி மின்னல் நேரத்திலும் வேண்டாம். சுடுதண்ணிப் பைக்குக் கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பத்து நிமிடம் ஆறவிட்டு, பையில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, நெஞ்சோடு அணைத்துக் காற்றை வெளியேற்றி மூடி, துவாயில் சுற்றிப் போர்வைக்குள் வையுங்கள். நீரிழிவால் கால் மரத்தவர்கள் படுக்கைக்குப் போகுமுன் பையை எடுத்துவிட வேண்டும், சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

மார்கழி பிற்பாதியில் காற்றுத் திரும்பியதும் எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய வேண்டும். மழைக் காலத்தில் சாத்திப் பழகிய கை தையிலும் யன்னலைச் சாத்தியே வைக்கிறது. வருடத்தில் வீட்டை இலவசமாகக் காயவைக்கக் கிடைக்கிற சில வாரங்கள் அப்படியே வீணாகின்றன. இரவு பத்து மணிக்குப் பிறகு தலைமாட்டு யன்னலை மட்டும் சாத்துங்கள், ஃபேனை ஒன்றில் வையுங்கள். காலை ஒன்பதரைக்கு எதிரெதிர் யன்னல்கள் எல்லாம் திறக்கட்டும், அலுமாரிக் கதவுகளும் லாச்சிகளும் திறக்கட்டும். மீற்றர் 60க்குக் கீழே இறங்குவதை அந்த நாட்களில்தான் பார்ப்பீர்கள். பொங்கலுக்கு முன் ஒரு நாள் பார்த்துத் தலையணை, மெத்தை, கம்பளி எல்லாவற்றையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பத்து மணிக்குப் போட்டு, பன்னிரண்டரைக்குப் புரட்டி, மூன்று மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும், காய்ந்த பஞ்சு அதைத் திரும்பக் குடித்துவிடும். எடுத்த சூட்டோடு மடித்து அலுமாரிக்குள் வைக்காதீர்கள். ஃபேனுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் ஆறட்டும், கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு முழுக்கத் தணிந்த பிறகு வையுங்கள்.